அட்டைப்பெட்டிக்கு இரண்டு வாசல்

டிசம்பர் 4, வியாழன்

கோயம்புத்தூர் விஷயம் இன்றோடு முடிந்தது. அங்கே ஒரு நர்சிங் கல்லூரி விடுதியில் வார்டன் வேலையாம். குழலியோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி அங்கே இருக்கிறாளாம், அவள்தான் கூப்பிடுகிறாளாம். பொங்கல் கழிந்ததும் சேர வேண்டுமாம். "வேண்டாம்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மேஜைக்கு வந்த காகிதம் எதுவும் மறுநாள் வரை தங்கியதில்லை. தங்கை விஷயம் மட்டும் ஏன் தங்க வேண்டும்?

அவள் முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். கல்யாணம் சரிப்படாமல் ஒரே ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தவள். அன்று முதல் இந்த மூன்றாவது மாடி வீட்டில் அவள் ரவிக்கை தைக்கிறாள், மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் பித்தளைப் பலகை. "ஆவுடையம்மாள், கண்காணிப்பாளர் (ஓய்வு)." அதைப் புளி போட்டுத் துலக்குவது குழலி. பாளையங்கோட்டையில் இவ்வளவு பளபளப்பான பெயர்ப்பலகை வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "எக்கா, நாம ஏதாவது சின்ன உயிரு ஒண்ணு வளப்பமா? வீடு ரொம்ப சத்தமில்லாம கெடக்கு."

உடனே சரி என்றேன். அவளே திகைத்துப் போனாள். நான் போட்ட கணக்கு அவளுக்குத் தெரியாது. ஒரு வாயில்லா ஜீவனை வீட்டில் கொண்டுவந்து வைத்தால் குழலியின் மனசு அதில் ஒட்டிக்கொள்ளும். அதை விட்டுவிட்டு அவளால் கோயம்புத்தூர் போக முடியுமா? கடிவாளத்தை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் 6, சனி

பிள்ளைவளர்ப்பு மாதிரி இதுவும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். பிள்ளை வளர்த்ததில்லை என்றாலும் அலுவலகத்தில் இருபது பேரை வளர்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முட்டை கூட நுழைந்ததில்லை. ஆகவே நாயும் பூனையும் கிடையாது. தயிர்சாதம் போட்டே பூனை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூனை பக்கத்து வீட்டில் என்ன சாப்பிடுகிறது என்று யார் பார்த்தார்கள்? பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம். அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் அதைச் செய்யலாமா? குரைக்கக் கூடாது, லிஃப்டில் ஏறக் கூடாது, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்படி ஓடக் கூடாது, நாற்றம் கூடாது. முக்கியமாக, தினமும் ஒரு ஆள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைக் குழலியிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

வண்ணாரப்பேட்டையில் மைதீன் என்பவர் வைத்திருக்கும் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனோம். படியேறும்போதே, "வாங்கக்கா, இன்னைக்கு அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டீயளா?" என்றார் குழலியைப் பார்த்து. குழலிக்கு இருமல் வந்துவிட்டது. வியாபாரிகள் எல்லாரிடமும் இப்படித்தான், ரொம்ப நாள் தெரிந்தவர் மாதிரிப் பேசுவார்கள்.

காதல் பறவைகளைக் காட்டினார். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கீச்சு. எங்கள் வீட்டுக்கு அந்தப் பெயரே பொருந்தாது. வெள்ளெலி பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் சக்கரம் ஓட்டுமாம். பகலில் தூங்குகிறவர்களை நான் ஆபீசிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. முயல் அழகுதான், ஆனால் வயரைக் கடிக்கும் என்றார். குழலியின் தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டிருக்கிறது. தள்ளிவிட்டேன்.

"மேடம் பென்ஷன் பேப்பர் பாக்க மாதிரில்லா பாக்கீய" என்றார் மைதீன். ஆளுக்குக் கண் இருக்கிறது.

மீன் தொட்டி ஒன்றின் முன்னால் நின்றேன். சத்தமில்லை, முடி உதிராது, ஓடாது. வாங்குவதற்கு முன் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பதுதான் முறை. இரண்டாவது மாடி ஜெசிந்தா டீச்சரிடம் ஒரு சண்டைமீன் இருக்கிறது. அவர் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போகிறார், திரும்பும் வரை அது இங்கே இருக்கட்டும்.

டிசம்பர் 11, வியாழன்

மீன் வந்துவிட்டது. நீல நிறம், கண்ணாடிக் கிண்ணம், டேவிட் என்று பெயர். கூடவே தீனி டப்பா. "காலையில நாலு மணி, சாயந்தரம் நாலு மணி போட்டா போதும்க்கா" என்றார் டீச்சர். நேரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன், பிறகுதான் தீனியே மணி மணியாக இருக்கிறது என்று புரிந்தது.

எந்த டப்பாவையும் பின்பக்கம் படிக்காமல் நான் திறப்பதில்லை. படித்தேன். காய்ந்த இறாலும் புழுவும். டப்பாவைத் துணியில் சுற்றி வாஷிங் மிஷினுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

"எக்கா, அது மீனுல்லா" என்றாள் குழலி.

"இருக்கட்டும். நம்ம வீட்டுல இருக்கப்பட்ட வரைக்கும் சைவம்."

பட்டாணியை வேகவைத்துத் தோல் உரித்து மசித்துப் போட்டேன். வாயில் வாங்கித் துப்பியது. புதுச் சாப்பாடு என்றால் யாரும் முதலில் அப்படித்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

மறுபடி துப்பியது.

டிசம்பர் 14, ஞாயிறு

வெற்றி. டேவிட் தெம்பாக இருக்கிறது. துடுப்பை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் வந்ததும், உங்கள் மீனை நான் சைவமாக்கிவிட்டேன் என்று சொல்லி, பட்டாணி விஷயத்தை முழுதாக விளக்கினேன். அவர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"அப்ப இதுல பாதியக் காணமே, யாருக்கா தின்னது?"

நான் குழலியைப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கோத்தாள்.

எறும்பாக இருக்கும். எப்படியும் மீன் நமக்குச் சரிப்படாது. அதோடு, மீனை விட்டுவிட்டு ஊருக்குப் போவது ரொம்ப சுலபம் என்பது நாகர்கோவில் கல்யாணத்தில் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்த மறுநாள். நல்ல நாள் பார்த்துக் கொண்டுவந்தோம். கினிப்பிக். இங்கிலீஷ் பெயரில் பன்றி இருப்பதால் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்றுவிட்டேன். நல்ல தமிழில் சீமைப்பெருச்சாளி. பிள்ளையார் வாகனத்துக்குச் சொந்தம். ஜெசிந்தா டீச்சரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

முழுச் சைவம். புல், கொத்தமல்லித் தழை, கேரட், துளி நெல்லிக்காய். குரைக்காது, ஏறாது, தாண்டாது. இரண்டு வாரமாக நான் விதித்த நிபந்தனைகள் அத்தனையும் ஒரு உயிருக்குள் இருக்கின்றன என்றால் தேர்வு செய்தவளைப் பாராட்டத்தான் வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் குழலி நேராக அந்தக் கூண்டருகில் போய் நின்றுகொண்டாள் என்பது தற்செயல்.

"ஒத்தையா குடுக்க மாட்டேன் மேடம்" என்றார் மைதீன். "தனியா இருந்தா ஏங்கிப்போயிரும். ரெண்டு பொட்டையாப் புடிச்சிட்டுப் போங்க, அக்கா தங்கச்சி."

"கேட்டியா?" என்றேன் குழலியிடம். "தனியா இருந்தா ஏங்கிப்போயிருமாம்."

அவள் மைதீனிடம் விலை கேட்டாள்.

பழுப்பாக, கொழுகொழுவென்று இருப்பது பெரியவள். கறுப்பு வெள்ளையாக, காது நடுங்கிக்கொண்டே இருப்பது சின்னவள். வேறு பெயர் வைப்பதெல்லாம் அசட்டுத்தனம். உள்ளே ஒதுங்க ஒரு இடம் வேண்டுமாம். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு வாசல் வெட்டினேன். நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேர். குழலி தையல்காரிதான், ஆனால் இவ்வளவு நேராக வெட்ட மாட்டாள்.

டிசம்பர் 20, சனி

விசில் அடிக்கின்றன! ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் போதும், இரண்டும் எழுந்து நின்று வீல் வீலென்று கூப்பிடுகின்றன. இதில் விசேஷம் என்னவென்றால், குழலி திறந்தால் கத்துவதில்லை. நான் திறந்தால்தான். என் செருப்புச் சத்தத்துக்கே கத்துகின்றன. முப்பது வருஷம் ஆபீசில் என் செருப்புச் சத்தம் கேட்டு எல்லாரும் வாயை மூடித்தான் பார்த்திருக்கிறேன்.

காலையில் பிள்ளையாருக்கு அறுகம்புல் வாங்கும்போது இவர்களுக்கும் ஒரு கட்டு. கூண்டுக்குக் காகிதம் மாற்றுவது, தண்ணீர், தழை அலசுவது, நகம் பார்ப்பது எல்லாம் நான்தான். குழலியைக் கூப்பிட்டால், "கையில அவசர ரவிக்கை இருக்குக்கா, நீயே போட்டுரு" என்கிறாள். இவளை ஒட்டவைக்கத்தானே இத்தனை பாடு? இவளானால் கூண்டுப் பக்கமே வருவதில்லை. கொஞ்சம் பொறுக்கலாம்.

டிசம்பர் 24, புதன்

குழலி பால்கனியில் நின்று போனில் பேசினாள். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

துணி எல்லாம் மொட்டை மாடியில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. பத்து நாளாக ஒரு தூறல் கிடையாது. தாமிரபரணியில் தண்ணீர் குறைகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான்.

குழலி ஐயர்வீட்டு அம்மாளின் பட்டு ரவிக்கையைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள். கை அளவு தவறிவிட்டதாம். அவளுக்கு அளவு தவறி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

சின்னவள் இளைக்கிறாள். சமையலறைத் தராசில் எவர்சில்வர் கிண்ணம் வைத்து நிறுத்தேன். பெரியவள் ஏறிக்கொண்டே போகிறாள், சின்னவள் இறங்கிக்கொண்டே வருகிறாள். கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துக்கொண்டு போனோம். பல்லைப் பார்த்தார்கள், வயிற்றைத் தடவினார்கள். நோய் ஒன்றுமில்லை, சாப்பிடும்போது கூட இருந்து கவனியுங்கள் என்றார்கள்.

கவனிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஜனவரி 3, சனி

திருவாதிரை. களியும் தாளகக் குழம்பும் செய்து முடித்துவிட்டு, மத்தியானம் முழுக்கக் கூண்டின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

தழை போட்டதும் பெரியவள் முதலில் வந்து நன்றாகத் தின்றாள். தின்றுவிட்டு அட்டைப்பெட்டி வாசலில் போய்க் குறுக்கே படுத்துக்கொண்டாள். சின்னவள் உள்ளே. மூக்கை நீட்டிப் பார்த்தாள், வழியில்லை. பின்னால் போனாள். மறுபடி வந்தாள். பெரியவள் அசையவில்லை. கடிக்கவில்லை, முறைக்கவில்லை, சும்மா படுத்திருந்தாள். வெளியே ஒரு சத்தம் கேட்டால் காதை நிமிர்த்தி இன்னும் நன்றாக அடைத்துக்கொண்டாள். தழை எல்லாம் வாடிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. "சவம், என்ன அக்கிரமம் பண்ணுது பாரு. தானும் நவுறாம அவளையும் விடாம."

குழலி மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கிரமம் ஒண்ணுமில்லக்கா. அவ காவலுக்குப் படுத்துருக்கா. உள்ள இருக்கவளுக்குப் பசிக்கும்னு அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பிறகு போய் மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். களி நன்றாக வந்திருந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். டிசம்பர் 24 அன்றைக்கு மழை பெய்யவில்லை. குழலி பால்கனியில் நின்று போனில் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. "இல்லப்பா, வேற ஆளப் பாத்துக்கோ. எங்க அக்கா தனியா இருந்துக்கிட மாட்டா. என்னைய இத்தனை வருஷம் பாத்தவ. நான் கேட்டுட்டேன், அவ வேண்டாம்னுட்டா. இனி கேக்க மாட்டேன்." இதுதான் அவள் சொன்னது. சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் நான் பால்கனிக்குப் போய் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். கேட்டுவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

காலையில் குழலியின் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு கூண்டின் முன்னால் உட்கார்ந்தேன். அட்டைப்பெட்டியை வெளியே எடுத்து, பின்பக்கம் இன்னொரு வாசல் வெட்டினேன். ஸ்கேல் தேடவில்லை. கோணல்மாணலாகத்தான் வந்தது.

திரும்ப வைத்துத் தழை போட்டேன். பெரியவள் வழக்கம்போலத் தின்றுவிட்டு வந்து முன்வாசலில் படுத்தாள். சின்னவள் மூக்கை நீட்டினாள், பின்னால் போனாள். அப்புறம் பின்வாசல் வழியாக வெளியே வந்து, தழை முன்னால் உட்கார்ந்து, கொத்தமல்லித் தண்டை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை இழுத்து இழுத்துத் தின்றாள். பெரியவள் தலையைத் தூக்கினாள். பெட்டிக்குள் பார்த்தாள், வெளியே பார்த்தாள். சண்டைக்குப் போவாள் என்று நான் கையை நீட்டித் தயாராக இருந்தேன். போகவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வயிறு நிறைந்திருந்தும், கூடச் சேர்ந்து ஒரு தண்டு தின்றாள்.

"ஏளா குழலி" என்று கூப்பிட்டேன். "அந்தக் கோயம்புத்தூர் வேல இன்னும் இருக்கா?"

மிஷின் நின்றது.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்க்கா."

"தெரியும். நம்பரக் குடு."

"எக்கா, நீ ஒண்ணும் எனக்காக..."

"நம்பரக் குடுன்னா குடு."

விடுதிக்கே போன் போட்டேன். "ஆவுடையம்மாள், கருவூலக் கண்காணிப்பாளர், ஓய்வு, பேசுகிறேன். குழல்வாய்மொழி விஷயமாக" என்று தொடங்கினேன். எந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாலும் அப்படித்தான் தொடங்குவேன், உடனே எழுந்து நிற்பார்கள். இரண்டு பேரைப் பார்த்தார்களாம், பிள்ளைகளை அதட்டத்தான் தெரிகிறதாம், திருப்தியில்லையாம். என் தங்கைக்கு அதட்டவே தெரியாது, ஆனால் அவளிடம் ஒரு வேலை கொடுத்தால் பிரித்தாவது சரியாகத் தைத்துக் கொடுப்பாள் என்றேன். பத்தொன்பதாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள்.

குழலி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். இந்த முறை அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. இரண்டு சீமைப்பெருச்சாளிகளும் பயந்துபோய் ஆளுக்கொரு வாசல் வழியாகப் பெட்டிக்குள் ஓடிவிட்டன.

ஜனவரி 10, சனி

சாமான் கட்டுகிறோம். நான் எடுத்துக்கொடுத்த சேலைகளில் பாதியை வெளியே எடுத்து வைத்துவிட்டு அவளுக்குப் பிடித்ததை வைத்தாள். அந்த மாம்பழக் கலரில் அவளுக்கு ஒரு சேலை இருப்பதே எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. கரும்புத் தோகையைக் கொஞ்சம் நறுக்கிக் கூண்டில் போட்டேன். அவர்களுக்கும் பொங்கல். சின்னவள் எடை கூடியிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

காலை பஸ். புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம், "நர்சிங் காலேஜ் விடுதி வார்டன், ஜன்னல் சீட் குடுங்க" என்றேன். "எக்கா, சும்மா இரு" என்று குழலி கூசினாள். கூசினால் கூசட்டும். பக்கத்து சீட்டு அம்மாளிடமும் சொன்னேன். தண்ணீர் பாட்டில் விற்கிறவரிடமும் சொன்னேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. மைதீன் கடைக்கு நான் முன்னாலயே ரெண்டு தடவ போயிருக்கேன். எங்க அக்கா ரிட்டயர் ஆயிட்டா, அவ செருப்புச் சத்தத்துக்கு எந்திரிச்சு நிக்க மாதிரி எதாவது இருக்கான்னு கேட்டேன்."

சொல்லி முடித்ததும் கையை விட்டாள், பஸ் போய்விட்டது. அவளைக் கட்டிப்போட நான் தேடியதை எனக்குத் துணைக்கென்று அவள் முன்னாலேயே தேடி வைத்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேரில் கெட்டிக்காரி யார் என்று இத்தனை நாள் தப்பாக நினைத்திருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

புதுப் பலகை வந்தது. மேலே நான். கீழே, அதே அளவு எழுத்தில், "குழல்வாய்மொழி, விடுதிக் காப்பாளர்." ஜெசிந்தா டீச்சர் நின்று படித்தார். "குழலி இப்ப இங்க இல்லயேக்கா?"

"அதுக்கு? அவ வீடு இதுதானே."

புளி போட்டு நானே துலக்கினேன். விரல் எல்லாம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷம் அவள் விரலை நான் கவனித்ததில்லை.

சாயங்காலம் குழலி போன் செய்தாள். பிள்ளைகள் மேடம் மேடம் என்று சுற்றி வருகிறார்களாம். ஒரு பிள்ளைக்கு ஊரில் அக்கா கல்யாணமாம், விதிப்படி இரண்டு நாள்தான் லீவாம், நாலு நாள் கேட்டு நிற்கிறாளாம். "என்னக்கா செய்யட்டும்?"

பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விதி விதிதான், ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். கூண்டில் பெரியவளும் சின்னவளும் கேரட்டுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதான வார்டன்" என்றேன். "ஒனக்கு என்ன தோணுதோ அதச் செய்யி."

குழலி சிரித்தாள். நாலு நாள் கொடுக்கப் போகிறாள், எனக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டுக் கேரட் நறுக்கினேன். பெருமையாக இருந்தது. பாதி அவளை நினைத்து, பாதி என்னை நினைத்து. சரி, என்னை நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே.